ஐந்தைவிடச் சிறிய ஏழு

மாப்பிள்ளைக்கு ஒரு கண்தான் வந்திருந்தது. மீதி முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் கிடந்தன. திரையின் நடுவே சின்ன வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு கண்ணு எப்ப வரும், மாடில்டா?" என்று பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விமலா கேட்டார்.

"வந்துரும் விமலாக்கா. கொஞ்சம் லோட் ஆவுது."

"அவசரம் இல்ல. கல்யாணம் அடுத்த வாரந்தானே."

விமலா கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். தஞ்சோங் காராங்கிலிருந்து காலையிலேயே காரோட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் கல்யாண மண்டபத்தின் வாசலில் தொங்கப்போகும் பேனர் அது. எட்டடி நீளம், நாலடி உயரம். மாப்பிள்ளையின் மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாக்க வேண்டும், பெண்ணின் சேலைக் கரையை இன்னும் பளிச்சென்று காட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இரண்டுமே ஐந்து நிமிட வேலை. ஆனால் மீசை மேல் மாடில்டா ஒரு தடவை சுட்டியை நகர்த்தினால், அது திரையில் தெரிவதற்குள் விமலா கொண்டுவந்த முறுக்கில் ஒன்று தீர்ந்துவிடும். மூன்றாவது முறுக்கில் திரை முழுவதும் வெள்ளையாகி, மேலே 'பதிலளிக்கவில்லை' என்று வந்தது. அதற்கப்புறம் மாப்பிள்ளை மொத்தமாகக் காணாமல் போனார்.

"நீ கூப்புடு, நான் திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு விமலா கிளம்பினார். கார் சாலையில் ஏறும்வரை மாடில்டா வாசலில் நின்று கையசைத்தாள். உள்ளே வந்ததும் மடிக்கணினியின் மூடியை அறைந்து சாத்தினாள். பிறகு, வலித்திருக்குமோ என்பதுபோல் அதை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

மாடில்டாவுக்கு நாற்பத்தாறு வயது. பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகிற வழியில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில் இப்போது எழுந்திருக்கும் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. படித்து முடித்ததும் செம்பனை ஆலை ஒன்றின் நிறுவை மேடையில் வேலைக்குச் சேர்ந்தாள். குலை ஏற்றி வருகிற லோரிகளை மேடையில் நிறுத்தி, லோரி எண்ணையும் எடையையும் கணினியில் தட்டச்சு செய்வதுதான் வேலை. அங்கேதான் சத்தியசீலனைச் சந்தித்தாள். எடை சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர், "இன்னொரு தடவ பாருங்க மிஸ்" என்று லோரியைப் பின்னால் எடுத்து மறுபடியும் மேடையில் ஏற்றுவார். ஒரு மாதம் இப்படியே நடந்தது. நான்காவது மாதம் அவளுடைய அம்மாவிடம் வந்து பெண் கேட்டார். இன்றும் அவர் குலை லோரிதான் ஓட்டுகிறார்.

வடிவமைப்பு வேலைக்கு அவளைக் கொண்டுவந்தது கோபம். அவளுடைய அம்மா தெரேசம்மாள் இறந்தபோது துக்க அறிவிப்பு அச்சடித்த கடையில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எழுத்துகளின் கொம்புகளெல்லாம் இடம் மாறி, பக்கத்து எழுத்துகளில் ஒட்டிக்கொண்டு வந்தன. அடக்கத்துக்கு வந்தவர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் பெயரைத் தடுமாறித் தடுமாறி வாசித்தார்கள். ஒருவர் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, "நம்ம அம்மா" என்று சொல்லி முடித்தார். அன்றைக்கு அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. விடுமுறை நாள்களில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள். ஆலையில் லோரி எண்ணைத் தானே படித்து எடையைத் தானே பதிந்துகொள்ளும் கருவி வந்தபோது, அவள் அதிகம் கலங்காமல் வேலையை விட்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழு வருடங்களில், ராசாவிலிருந்து சுங்கை புரோங் வரைக்கும் அவளைத் தேடி வருகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அழைப்பிதழ், பிறந்தநாள் பேனர், தேவாலயத்துக்கு ஞாயிறு வழிபாட்டுத் தாள், கோயிலுக்குத் திருவிழா நோட்டீஸ், நினைவு அட்டை என்று எதைக் கொடுத்தாலும் அவள் கையில் தமிழ் பிசகாது. அந்தக் கை இப்போது வளையம் சுற்றுவதை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று மத்தியானம் அவள் தம்பி எலியட்டைக் கூப்பிட்டாள். எலியட் கிள்ளானில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். மின்சாரத்தில் ஓடும் எதைப்பற்றிக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான்; அழுத்தத்துக்கு ஊர்ப் பேச்சின் 'லா' ஒன்றும் சேரும்.

"அக்கா, ஒன்னோடது என்னா ப்ராசசர்?"

"ஸ்டிக்கர்ல ஐ-5ன்னு போட்டுருக்கு."

"அதான் பாரு! டிசைன் வேலைக்கு எவனாச்சும் ஐ-5ல ஒக்காருவானா? ஐ-7 மாத்து லா. சரியாப் போயிரும்."

"ப்ராசசர மட்டும் கழட்டி மாத்திரலாமா?"

"மாத்தலாம், மாத்தலாம். கடைல குடு, செஞ்சு தருவாங்க."

அவ்வளவு எளிதாக முடிந்ததில் மாடில்டாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்தை எடுத்துவிட்டு ஏழைப் போட வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் போனாள்.

அங்கே கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவள் அலீசியா. முப்பது வயது இருக்கும். தேவாலயத்தில் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்பதால் மாடில்டாவுக்கு அவளை முன்பே தெரியும். அவள் சின்னத் திருப்புளியால் மடிக்கணினியின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே விரலால் காட்டினாள்.

"இதுதான் ஒங்க ப்ராசசர், ஆன்ட்டி. இத மாத்த முடியாது. போர்டோட சேத்து ஈயம் வச்சுப் பத்த வச்சிருக்காங்க."

"என் தம்பி மாத்தலாம்னானே."

"மேசைல வைக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல மாத்தலாம். இந்த மாதிரி மெல்லிசு லேப்டாப்ல ப்ராசசர மாத்தணும்னா லேப்டாப்பயே மாத்தணும்."

மாடில்டா உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சைப் பலகையில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். இவ்வளவு நாளும் மாப்பிள்ளைகளையும் பெண்களையும் சுமந்தது இதுதானா என்று இருந்தது.

"சரி, அப்ப ஐ-7 போட்ட புது லேப்டாப் ஒண்ணு காட்டும்மா."

"எந்த ஐ-7?"

"ஐ-7ல என்னா எந்த? ஏழுன்னா ஏழுதானே?"

அலீசியா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். "ஏழுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. அதுல முன்னால வர்றது தலைமுறை. ஏழாவதா, பத்தாவதா, பன்னண்டாவதான்னு பாக்கணும். கடைசில ஒரு எழுத்து இருக்கும். 'யு'ன்னா கரண்ட கம்மியா தின்னும், ஆனா மெதுவா போகும். 'எச்'னா வேகம், ஆனா சூடாகும். புதுத் தலைமுறை ஐ-5, பழைய ஐ-7ஐ விட வேகமாப் போகும்."

"இரு, இரு. அஞ்சு ஏழவிட வேகமா?"

"சில அஞ்சு, சில ஏழவிட."

"எந்த அஞ்சு?"

"அதான் ஆன்ட்டி, நம்பர பாக்கணும். அது போக ரைசன்னு இன்னொரு கம்பெனி இருக்கு. அதுலயும் அஞ்சு இருக்கு, ஏழு இருக்கு. ஆனா அந்த அஞ்சும் இந்த அஞ்சும் ஒண்ணு கிடையாது."

இருபது வருடங்கள் நிறுவை மேடையில் உட்கார்ந்திருந்தவள் மாடில்டா. ஏழு டன் என்றால் அது ஐந்து டன்னைவிட அதிகம். எந்த லோரி வந்தாலும், யார் ஓட்டி வந்தாலும், மழையானாலும் வெயிலானாலும் அதிகம்தான். அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் அவள் வாழ்க்கையே நின்றிருந்தது. இப்போது ஒரு பெண் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அது அப்படியில்லை என்று சொல்கிறாள்.

"எந்தெந்த நேரத்துல ஹேங் ஆவுது? என்னா வேல செய்யும்போது?" என்று அலீசியா கேட்டாள்.

"எல்லா வேலைக்கும் ஆவுது."

அலீசியா மேற்கொண்டு ஏதோ கேட்கப் போனாள். அதற்குள் பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மாடில்டா ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார் எங்கே நிறுத்தினோம் என்பது உடனே ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் சத்தியசீலன் வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் ரசீதை எடுத்து அவரிடம் வாசித்துக் காட்டினாள்.

"ஆறு கோர், எட்டு கோர்னு இருக்கே, அது என்னா? சிலிண்டர் மாதிரியா?" என்று அவர் கேட்டார்.

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

"அப்ப நெறைய இருந்தா நல்லதுதானே." ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தார். "ஆனா பாரு, எங்க பழைய லோரிக்கு ஆறு சிலிண்டர். புதுசுக்கு நாலுதான். மேட்டுல புதுசுதான் ஏறுது."

"அப்ப நாலு ஆறவிடப் பெருசா?"

"எனக்கு என்னா தெரியும்? நான் ஓட்டுறேன், அவ்ளோதான்."

அதற்கப்புறம் நாலைந்து நாள் மாடில்டா காணொளிகளில் விழுந்து கிடந்தாள். சென்னைக்காரர் ஒருவர் கோர் எண்ணிக்கைதான் முக்கியம் என்றார். அமெரிக்கக்காரர் ஒருவர், படத்தைத் திருத்துகிற வேலை ஒரு கோரிலேயே ஓடும், அந்த ஒன்று வேகமாக இருந்தால் போதும் என்றார். பினாங்கிலிருந்து ஒரு பெண், ப்ராசசரே முக்கியமில்லை, கிராஃபிக்ஸ் கார்டுதான் எல்லாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அச்சுப் பிழையால் ஒதுக்கிய அழைப்பிதழ்களின் பின்பக்கங்களில் மாடில்டா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். சோறு வடிக்கும்போது எண்கள் மனத்தில் ஓடின. ஜெபம் சொல்லும்போதும் ஓடின. ஒருமுறை வழிபாட்டுத் தாளில் 'சங்கீதம் 127' என்று அடிக்க வேண்டிய இடத்தில் '12700' என்று ஒரு ப்ராசசரின் எண்ணை அடித்துவிட்டு, நல்ல வேளையாக அனுப்புவதற்குமுன் கண்டுபிடித்தாள்.

தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ளத் தெளிய வேண்டியது, அவளுக்கு மட்டும் கலங்கிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் எலியட்டின் கார் நின்றிருந்தது. அவன் முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு கறுப்புப் பை.

"தொற, தொற" என்றான்.

உள்ளே ஒரு மடிக்கணினி. முன்பே யாரோ உபயோகித்தது. ஆனாலும் துடைத்துப் பளபளவென்று இருந்தது. விசைப்பலகைக்குக் கீழே நீல நிற ஸ்டிக்கர். அதில் ஐ-7.

"கூட்டாளி ஒருத்தன் வித்தான். ஒனக்குத்தான்னு எடுத்துட்டேன். பர்த்டே கிஃப்ட்டுன்னு வச்சுக்க."

"என் பர்த்டே அக்டோபர்ல லா."

"முன்கூட்டியே குடுக்குறேன்."

மாடில்டாவின் கண் கலங்கிவிட்டது. அம்மா போனபிறகு தனக்கென்று யாரும் எதுவும் யோசித்து வாங்கித் தந்ததாக அவளுக்கு நினைவில்லை. தம்பிக்குக் கோழிப் பிரட்டல் செய்து போட்டு, மிச்சத்தை டப்பாவில் கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை புது மடிக்கணினியில் மென்பொருளையெல்லாம் ஏற்றி, விமலா மகளின் பேனரைத் திறந்தாள். வளையம் சுற்றியது. அவள் எழுந்து போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாள். வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே விசிறி, தோசைக்கு மாவாட்டுகிற இயந்திரம்போல் இரைந்தது. கடைசியாகப் பெண்ணின் சேலைக் கரை மட்டும் ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்தது. தொட்டால் மேசையே சூடாக இருந்தது.

பழையதைவிட மெதுவாக இருந்தது அது.

மாடில்டா முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். ஏற்றிய விதம் தவறோ? அணைத்துப் போட்டாள். காற்று போகும் துளைகளைத் துணியால் துடைத்தாள். மேசையை ஜன்னலோரம் நகர்த்தினாள். ஏழு அசையவில்லை. ஐந்தாவது தடவை முயன்று பார்த்தபின், அதை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, பழைய ஐந்தைத் திறந்து உட்கார்ந்தாள்.

புதன்கிழமை எலியட் கூப்பிட்டான். "எப்புடிக்கா? பறக்குதா?"

"பறக்குது லா" என்றாள்.

தம்பியிடம் அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் வேறு எதைச் சொல்வது? நீ தந்தது சரியில்லை என்று சொல்வதா, உன் அக்காவுக்கு அதை உபயோகிக்கத் தெரியவில்லை என்று சொல்வதா? இரண்டில் எது உண்மை என்பதே அவளுக்குத் தெரியாதபோது எதைச் சொல்வது?

எப்படியோ உருட்டிப் புரட்டி, வியாழக்கிழமை பழையதிலேயே பேனரை முடித்தாள். மாப்பிள்ளைக்கு மீசை அடர்த்தியானது, சேலைக் கரை பளிச்சென்றது. இணையத்தில் அனுப்பப் பார்த்தால் பாதியில் அறுந்து போனது. வெள்ளிக்கிழமை காலையில் அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் அலீசியாவிடம் காட்டலாம் என்று இரண்டு மடிக்கணினிகளையும் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் பார்த்தால் அலீசியாவின் கடை இன்னும் திறக்கவில்லை. சரி, திரும்பும்போது பார்க்கலாம் என்று நேரே தஞ்சோங் காராங்குக்கு விட்டாள்.

சாலையின் ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் கடைகள். அந்தக் கடைகளில் ஒன்றில்தான் ஹனாஃபி பேனர் அடிக்கிறான். நாலு வருடங்களாக அவளுடைய பேனர்களெல்லாம் அவனிடம்தான் போகின்றன. அவன் பென்டிரைவைச் செருகிவிட்டு, "காக், வழக்கம்போல பெருசு" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். அக்காவுக்கு மலாயில் 'காக்'.

"என்னா பெருசு?" என்று அவளும் மலாயிலேயே கேட்டாள்.

"ஃபைல்தான். ஒண்ணேகால் கிகா இருக்கு. பரவால்ல, நான் எப்பவும்போல சின்னதாக்கிட்டு அடிச்சுருவேன்."

மாடில்டாவுக்குப் புரியவில்லை. "எப்பவும்போலன்னா?"

"காக் அனுப்புறது எல்லாம் ஒரு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வச்சு வருது. எட்டடி பேனருக்கு எதுக்கு முந்நூறு? நூறு போதும். என் மெஷினும் அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியிற மாதிரி அடிக்காது. அதனால குறைச்சுட்டுத்தான் அடிப்பேன்."

"நாலு வருசமாவா?"

"நாலு வருசமா."

"ஏன் சொல்லல, ஹனாஃபி?"

அவன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "காக் தரமா இருக்கணும்னு வேணும்னே செய்றீங்கன்னு நெனச்சேன்."

அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய், எதிர்க்கடையில் தொங்கிய உர விளம்பரத்தின் கிட்டே நிறுத்தினான். மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தால் அதில் இருந்த நெற்கதிர் வெறும் புள்ளிகளாகச் சிதறியிருந்தது. நாலு அடி பின்னால் வந்தால் கதிர் கதிராகவே தெரிந்தது. கல்யாண மண்டப வாசலில் யாரும் மாப்பிள்ளையின் மீசையை மூக்கால் உரசிப் பார்க்கப்போவதில்லை.

முந்நூறு என்பது அவள் முதன்முதலில் பார்த்த காணொளியில் சொன்னது. அச்சு என்றால் முந்நூறு. கையில் பிடித்து வாசிக்கிற அழைப்பிதழுக்கு அது சரி. எட்டடி பேனருக்கும் அதுதான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவளாகவே எல்லாவற்றுக்கும் முந்நூறு வைத்துக்கொண்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்தவளுக்கு நிம்மதி வரவில்லை; வெட்கம்தான் வந்தது. வெட்கத்துக்குப் பின்னால் இன்னும் பெரிய குழப்பம் வந்து நின்றது. தப்பு அவளுடையது என்றால், ப்ராசசரில் குறையே இல்லையா? குறையில்லை என்றால் ஏழு ஏன் ஐந்தைவிட மெதுவாக ஓடுகிறது? அப்படியானால் அந்தக் காணொளிக்காரர்களெல்லாம் எதைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்? வயல்களில் அறுவடை இயந்திரங்கள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடித்து அவளைத் தாண்டிப் போனபோதுதான், தான் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரம் என்பதால் அலீசியாவின் கடையில் வாடிக்கையாளர்கள் இல்லை. மாடில்டா இரண்டு மடிக்கணினிகளையும் மேசைமேல் வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் ஒரு மூச்சில் கொட்டினாள். பறக்குது என்று தம்பியிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான்.

"நம்பரெல்லாம் விடுங்க ஆன்ட்டி. ஒங்க ஃபைலயே ரெண்டுலயும் தொறந்து பாப்போம்" என்றாள் அலீசியா.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பேனரைத் திறந்தாள். உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பலகை ஒன்றையும் திரையின் ஓரத்தில் திறந்துவைத்தாள். அப்படி ஒன்று இருப்பதே மாடில்டாவுக்குத் தெரியாது.

"இது ஒங்க அஞ்சு. இந்தக் கோடுதான் ப்ராசசர். எவ்ளோ கீழ கெடக்கு பாருங்க, நூத்துக்கு முப்பதுகூட இல்ல. அது சும்மா காத்துக்கிட்டு இருக்கு. இந்தக் கோடு ரேம். கூரைல முட்டிக்கிட்டு நிக்குது. அந்த ஃபைல வச்சுக்க எடம் இல்லாமத்தான் தெணறுது."

"அப்ப ப்ராசசர் மேல குத்தம் இல்லையா?"

"இந்த வேலைக்கு இல்ல."

"அந்த ஏழு?"

அலீசியா எலியட் கொடுத்த மடிக்கணினியின் நம்பரைப் பார்த்தாள். "இது ஏழாவது தலைமுறை. வந்து ஆறேழு வருசம் ஆயிருச்சு. உள்ள ரெண்டே ரெண்டு கோர். ஒங்க அஞ்சு பத்தாவது தலைமுறை, அதுல நாலு கோர். இதுல ஹார்ட் டிஸ்க்கும் பழைய சுத்துற வகை. பேருதான் ஏழு."

பிறகு அவள் பேனரை நூறு புள்ளிக்குக் குறைத்து, பழைய ஐந்தில் மறுபடியும் திறந்தாள். மாடில்டா பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாகத் திரையில் நின்றார்கள்.

"அப்ப நான் ஒண்ணுமே வாங்க வேணாமா?"

"வேணாம்னும் சொல்லலாம்."

"வேணும்னும் சொல்லலாமா?"

"கார்டு, சர்ச் தாள், போட்டோ எல்லாத்தையும் ஒண்ணாத் தொறந்து வச்சுக்கிட்டு வேல செய்வீங்கதானே? அப்படின்னா ரேம் கூட்டுனா நல்லது. ஒங்களதுல காலியா ஒரு எடம் இருக்கு. புது ப்ராசசர் இருந்தா சில வேல இன்னும் சீக்கிரம் முடியும், அதயும் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எவ்ளோ சீக்கிரம், அது ஒங்களுக்குப் போதுமான்னு நீங்கதான் சொல்லணும்."

மாடில்டா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "யாராச்சும் ஒருத்தவங்க, 'இதத்தான் வாங்கணும்'னு அடிச்சுச் சொல்லிட்டா எவ்ளோ நல்லாருக்கும்!"

"ஒங்க தம்பி சொன்னாரே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் மாடில்டா, "ரேம் போடு" என்றாள். அது சரியான முடிவுதானா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோடு கூரையில் முட்டிக்கொண்டு நின்றதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். பத்து நாளில் அவள் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

எலியட்டிடம் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டபோது, வேறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"தம்பி, அந்த ஐ-7 பறக்கல. மொத நாள்லேருந்தே பறக்கல. அது என்னோட ஐ-5ஐ விடப் பழசாம். நான்தான் சும்மா சொன்னேன்."

மறுமுனையில் அவன் கடையில் யாரோ கைப்பேசி உறை கேட்பது மட்டும் கேட்டது.

"எலியட்?"

"இருக்கேன்க்கா." குரல் இறங்கியிருந்தது. "நானும் ஸ்டிக்கரத்தான் பாத்தேன். ஏழுன்னு இருந்துச்சு. கடைல கேக்குறவங்ககிட்டயும் ஏழு நல்லதுன்னுதான் சொல்றேன். ஏன்னு எனக்கும் தெரியாது."

"ஒனக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்!"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. அதனாலதான் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அவனை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது. பிறந்தநாளுக்கு அதுவே போதும், அதை யாருக்கும் திருப்பித் தர மாட்டேன் என்றாள். சொன்னபடியே திருப்பித் தரவும் இல்லை. தேவாலய அலுவலகத்தில் திருமணப் பதிவுகளைத் தட்டச்சு செய்யக் கணினி இல்லாமல் இருந்தது. ஐ-7 அங்கே போய் உட்கார்ந்தது. பெயரும் தேதியும் அடிக்கிற வேலைக்கு அது தாராளமாகவே ஓடுகிறது. அலுவலகத்தில் இருக்கிற பெண், 'ஏழு' என்ற ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய சாமானை நமக்குக் கொடுத்துவிட்டார்களே என்று மாடில்டாவுக்கு நன்றி சொல்லி அட்டை அனுப்பினாள். மாடில்டா அட்டையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். விளக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரேம் போட்டபின் ஒரு வருடத்துக்கு மேல் பழைய ஐந்து ஒழுங்காக ஓடியது. பிறகு பள்ளி ஆண்டு மலர் ஒன்று வந்தது. நூற்றுச்சொச்சம் பக்கம், பக்கத்துக்கு நாலு படம். அதைத் தொடர்ந்து இன்னொரு பள்ளியும் கேட்டது. இனி உண்மையாகவே புதியது வேண்டும் என்று ஆனபோது, மாடில்டா இந்த முறை ஏமாறக் கூடாது என்று உட்கார்ந்து படித்தாள். தலைமுறை எப்படிப் பார்ப்பது, கடைசி எழுத்துக்கு என்ன பொருள், ஐந்து எப்போது ஏழை முந்தும் என்பதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, மூன்று முறை வாசித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, சத்தியசீலனையும் அழைத்துக்கொண்டு அலீசியாவின் கடைக்குப் போனாள்.

அடுக்கில் இருந்த மடிக்கணினிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்டிக்கரில் 'ஐ' இல்லை. 'அல்ட்ரா 5' என்று இருந்தது. பக்கத்தில் 'அல்ட்ரா 7'. இன்னொன்றில் வெறும் '5'. பின்னால் இருந்த எண்களும் அவள் தாளில் எழுதியிருந்த எதனோடும் சேரவில்லை.

"இது என்னாம்மா?"

"பேர மாத்திட்டாங்க ஆன்ட்டி" என்றாள் அலீசியா, தானே ஏதோ தவறு செய்துவிட்டவளைப்போல.

"எதோட பேர?"

"எல்லாத்தோட பேரயும்."

சத்தியசீலன் மனைவியின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "அப்ப நீ படிச்சதெல்லாம்?" என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார்.

மாடில்டா அன்று வாங்காமல் திரும்பினாள். அடுத்த வாரம் மறுபடியும் போய், ஆண்டு மலரின் முதல் முப்பது பக்கங்களை அங்கே இருந்த மூன்று மடிக்கணினிகளில் திறக்கச் சொன்னாள். அலீசியா அவற்றின் ஸ்டிக்கர்களைத் துண்டுத் தாளால் மறைத்துவைத்தாள். மாடில்டா மூன்றிலும் மாறிமாறி உட்கார்ந்து, பக்கங்களைப் புரட்டி, படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்து, நடுவில் இருந்ததைத் தொட்டாள். தாளை எடுத்துவிட்டு அது எது என்று அலீசியா சொன்னாள். மாடில்டா தலையாட்டினாள். வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பெயரை மறந்துவிட்டாள்.

அவள் இரண்டு ஆண்டு மலர்களையும் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்துவிட்டாள் என்பது ஊரில் பரவியதும், மகனுக்கு, மகளுக்கு, மருமகனுக்கு என்று மடிக்கணினி வாங்க நினைக்கிறவர்கள் அவளிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். உங்களுடையது எப்படி என்று கேட்டால் மாடில்டா உடனே பதில் சொல்கிறாள்.

"நல்லா ஓடுது. ஏன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."